பதினாறு நாள் கத்தி

அம்மா இடுப்பில் ஒரு கத்தி வைத்திருந்தாள் என்பது, அவள் செத்த அன்று அத்தை அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு ஒரு விஷயமாகத் தெரிந்தது. அதுவரை அதைக் கத்தி என்று நான் எண்ணியதே இல்லை. அவள் சுருக்குப்பையில் வெற்றிலை இருக்கும், சில்லறை இருக்கும், ரேஷன் கடை ரசீது இருக்கும், அதுவும் இருக்கும். எதையாவது அறுக்க வேண்டுமென்றால் கையை நீட்டுவேன், எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி, மடக்கி, பைக்குள் போட்டு முடிந்துகொள்வாள். இருபத்து நான்கு வருடம் இப்படித்தான் போயிற்று.

எங்கள் பக்கம் இடுப்பில் கத்தி இல்லாதவர்கள் குறைவு. இதைக் கல்லூரியில் ஒருமுறை சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஒரு மாதம் 'ரவுடி' என்று பெயர் வாங்கினேன். மரக்காணம் என்றாலே வெட்டு குத்து என்று நினைத்துக்கொண்டார்கள். உப்பளத்திலும் படகிலும் வேலை செய்கிறவனுக்குக் கத்தி என்பது ஒரு விரல் மாதிரி என்று விளக்கப் பார்த்தேன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஆளுக்கு ஒரு கத்தி, ஆளுக்கு ஒரு காரணம். அப்பாவுடையது பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பட்டறையில் அடித்தது. மடங்காது. மரப்பிடி, உள்பக்கம் வளைந்த சிறிய அலகு. அதைத் துணியில் சுற்றி வேட்டி மடிப்பில் வைத்திருப்பார். பாத்தியில் உப்பு வாரும் வேலையில் அந்தக் கத்திக்கு ஒரு பங்கும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெந்நீரில் காலை ஊறவைத்து, குதிகாலில் காய்த்துப்போன தோலைச் சீவி எடுப்பதற்குத்தான் அது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று தோல் ஓடு மாதிரி ஆகி வெடித்துவிடும். வெடிப்புக்குள் உப்பு போனால் மறுநாள் இறங்க முடியாது. அந்த வளைந்த அலகு குதிகாலின் உருண்டைக்குச் சரியாக உட்காரும். நேர் அலகு என்றால் ஆழமாக வெட்டிவிடும் என்பார்.

அண்ணன் கடலுக்குப் போகிறவன். அவன் கத்தி மடங்கும், ஆனால் முனை கிடையாது. முதுகுப் பக்கம் வளைந்து இறங்கி மூக்கு மொட்டையாக முடியும். படகு ஆடும்போது கூர்முனைக் கத்தி வலையை அறுக்கும் முன்னால் தொடையைக் குத்திவிடும். வலை பாறையில் மாட்டி இழுக்கும்போது அதை அறுத்துவிட ஒரு நொடிதான் கிடைக்கும். அதனால் ஒற்றைக் கையில், பெருவிரலால் மட்டுமே திறக்கிற மாதிரி தளர்வாக வைத்திருப்பான். அந்தத் தளர்வுக்காக வாரம் ஒருமுறை பைக்கின் பழைய ஆயிலை மடிப்பில் விடுவான். எங்கள் ஊர்க் காற்றில் எண்ணெய் காட்டாத மடக்குக் கத்தி மூன்று மாதத்தில் இறுகிவிடும். அதற்கப்புறம் அதைச் சுத்தியலால் தட்டித்தான் திறக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் துபாயில் பதினெட்டு வருடம் இருந்து வந்தவர். அவரிடம் சிவப்புக் கைப்பிடி போட்ட கத்தி ஒன்று உண்டு. கத்தரி, அரம், திருப்புளி, பூதக்கண்ணாடி என்று விசிறி மாதிரி விரியும். ஒருநாள் அண்ணன் அவரைக் கேட்டான்.

"இதுல எதை பாய் யூஸ் பண்றீங்க?"

பாய் கைப்பிடியின் ஓரத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் குச்சியை உருவிக் காட்டினார். "பல்லு குத்த."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்க கேக்கறதுக்கு."

அம்மாவுடையது மீன் கத்தி. நடுவிரல் நீளம். பித்தளையில் ஒரு மீன், வயிற்றுக்குள் அலகு மடங்கிக்கொள்ளும். மயிலம் பங்குனி உத்திரத்தில் வாங்கினாளாம். அதைப் பார்க்கிறவர்கள் குழந்தைகள் விளையாடுகிற சாமான் என்று நினைப்பார்கள். அம்மாவுக்கு உப்பைக் குவித்த அம்பாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. கோணி ஊசியால் ஏழு தையல், ஒரு முடிச்சு, ஒரு அறுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை அறுப்பு என்று அவளும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. கை எப்போதும் உப்புநீரில் நனைந்திருக்கும். பித்தளை துருப்பிடிக்காது. மீனின் உடம்பில் வெட்டியிருந்த செதில்கள் ஈரக்கையில் நழுவாமல் பிடிக்கும். வாலில் இருந்த ஓட்டையில் கயிறு கோத்துப் பையோடு கட்டியிருந்தாள். அழகுக்குச் செய்ததாகத் தெரிந்த ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு வேலை செய்தது.

வீட்டில் கத்தி இல்லாதவன் நான் ஒருவன்தான். பத்தாவது படிக்கும்போது எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குடா? உனக்குத்தான் பேனா இருக்குதில்ல" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பிறகு கல்லூரி. அதற்குப் பிறகு மூன்று வருடம் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தேன். காலையில் பாண்டிச்சேரி பஸ், நூலகம், சாயங்காலம் திரும்பும் பஸ். அம்மா தைத்துக்கொண்டிருந்தாள், அப்பா வாரிக்கொண்டிருந்தார், அண்ணன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் அம்மா செத்துப்போனாள். காலை ஒன்பதரை மணிக்கு அம்பாரத்தின் பக்கத்தில் சாய்ந்திருக்கிறாள். வெற்றிலை போட உட்கார்ந்திருக்கிறாள் என்று கூட இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அடைப்பு என்றார்கள். நான் நூலகத்தில் போனை அணைத்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்து போனைப் போட்டபோது பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன. டீ சொல்லியாகிவிட்டது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. என்ன நடந்திருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் அழவில்லை. வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குக் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. எல்லாருடைய குரலும் தூரத்தில் கேட்டது. அம்மாவைக் குளிப்பாட்டும்போது அத்தை சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையைத் தூரப் போட்டுவிட்டு, கத்தியை அண்ணன் கையில் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பார்கள். நாங்கள் இரண்டே பேர். சுடுகாட்டில் தலையையும் மீசையையும் மழித்து, குடம் உடைத்து, நான் கொள்ளி வைத்தேன். என்ன செய்யச் சொன்னார்களோ அதைச் செய்தேன்.

திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையில் குளித்து எழுந்தபோது அண்ணன் என் அரைஞாண் கயிற்றில் அந்த மீன் கத்தியைக் கட்டினான்.

"பதினாறு நாளும் இது உன் உடம்புல இருக்கணும். குளிக்கும்போதும் அவுக்காத."

கொள்ளி வைத்தவன் காரியம் முடியும்வரை இரும்பு வைத்திருக்க வேண்டும். இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிலர் சாவி வைத்திருப்பார்கள், சிலர் ஒரு ஆணியை மடியில் முடிந்துகொள்வார்கள். இரும்பு இல்லாவிட்டால் செத்தவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"இது பித்தளை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அலகைத் திறந்து, பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்ட வைத்துப் பார்த்தான். ஒட்டியது. "அலகு இரும்பு. போதும்" என்றான்.

"அம்மாவா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவனாகவே சொன்னான்.

"பாசம் இருக்கறவங்கதான்டா வருவாங்க. பாசம் இல்லாதவங்க எதுக்கு வரப் போறாங்க?"

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. தாத்தா செத்தபோது பெரியப்பா கொள்ளி வைத்தார். பதின்மூன்றாம் நாள் கிணற்றடியில் குளித்துவிட்டு, மடியிலிருந்த சாவியைக் கல்லின் மேல் வைத்து மறந்து போனார். அன்று மத்தியானம் உப்புப் பாத்தியில் விழுந்து செத்தார். சித்திரை மாத வெயில். அண்ணனுக்கு அப்போது ஏழு வயது. பெரியப்பாவைத் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறான். நான் கல்லூரி முதல் வருடத்தில் அவனிடம், அது வெயில் தாக்கித்தான் என்று விளக்கினேன். உடம்பில் உப்பும் நீரும் குறைவது பற்றியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"வெயில் தெனமும்தான் அடிக்குது. அன்னிக்கு மட்டும் ஏன்டா அவரை அடிச்சுது?"



தேர்வு பதினோராம் நாள் வந்தது. தீட்டோடு போய்ப் பரீட்சை எழுதலாமா என்று அத்தை கேட்டாள். தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா, அம்மா போனதிலிருந்து யாரிடமும் பேசாதவர், "அவ இவனை எதுக்குப் படிக்க வச்சா?" என்றார். அதோடு முடிவாகிவிட்டது. அண்ணன் மட்டும் இரண்டு நிபந்தனை போட்டான். கொள்ளி வைத்தவன் தனியாகப் போகக் கூடாது, அதனால் அவன் பைக்கில் கூட்டிப் போவான். இரும்பு இடுப்பை விட்டு இறங்கக் கூடாது.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்த விதிமுறைகளை அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கைப்பேசி கூடாது, கைக்கடிகாரம் கூடாது, கால்குலேட்டர் கூடாது, மின்னணுப் பொருள் எதுவும் கூடாது, புத்தகம், துண்டுச் சீட்டு கூடாது.

"கத்தின்னு போட்டிருக்கா?"

இன்னொரு முறை படித்தேன். "போடல."

"அப்புறம் என்ன" என்றான்.

இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது. பரீட்சைக்கு யாரும் கத்தி எடுத்து வர மாட்டார்கள் என்பதால்தான் அதை எழுதவில்லை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கத்தி எழுதி வைக்கிற பொருளில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி மையம். எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டைத் தலையோடு, செருப்பில்லாமல், கையில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் ஆதார் கார்டுமாக நின்றேன். அண்ணன் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றான். என் முறை வந்தபோது எட்டு நாற்பது. ஒரு பெண் போலீஸ், முப்பத்தைந்து வயதிருக்கும், கையிலிருந்த கருவியை என் உடம்பின் மேல் கீழிறக்கினாள். இடுப்புக்கு வந்ததும் அது கத்தியது.

"இடுப்புல இன்னாப்பா?"

"கத்திங்க."

"இன்னாது?"

"கத்தி மேடம். சின்னது."

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். ஒருவன், "கேள்வி கஷ்டமா இருந்தா குத்திடுவாரு போல" என்றான். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் போலீஸ் சிரிக்கவில்லை. என் தலையைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"யாரு?"

"அம்மா."

"எத்தினி நாளு?"

"இன்னிக்குப் பதினொன்னுங்க."

"கூட யாரு வந்திருக்காங்க?"

அண்ணனைக் கை காட்டினேன். அவன் ஏற்கெனவே கேட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தான். என்னை வரிசையிலிருந்து ஓரமாக நகர்த்தி நிறுத்தினாள்.

"இத்தை அவுத்து உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டு உள்ள போ. டைம் ஆவுது."

"குடுக்கக் கூடாதுங்க மேடம்" என்றான் அண்ணன். "அவன்தான் கொள்ளி வச்சான்."

"தெரியுதுய்யா. அதுக்குன்னு கத்தியோட உள்ள விடச் சொல்றியா? என் வேலை போயிடும்."

"சாவி வச்சிக்கட்டுமா? பைக் சாவி?"

"சாவியும் விட மாட்டாங்க. ஊக்கு கூட விட மாட்டாங்க. பேனா, ஹால் டிக்கெட், ஆதார் கார்டு. அவ்ளோதான்."

அண்ணன் என் கையைப் பிடித்தான். 

"வாடா போலாம். அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

அடுத்த வருடம் அறிவிப்பு வருமா என்பது யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் படித்தது இந்த ஒரு காலைக்குத்தான். அண்ணனுக்கும் அது தெரியும், என் பஸ் பாஸுக்குப் பணம் கொடுத்தவனே அவன்தான். ஆனால் அவன் கண் முன்னால் பெரியப்பாவைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளே போக வேண்டும் என்றோ திரும்பிப் போக வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. யாராவது ஒருவர் முடிவு செய்தால் போதும் என்றிருந்தது. எட்டு ஐம்பது ஆகிவிட்டது என்று உள்ளேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

பெண் போலீஸ் அடுத்தவனைச் சோதித்து அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினாள்.

"யோவ், இங்க பாரு. இரும்பு உடம்புல பட்டா போதும் தானே? உள்ள பெஞ்சு எல்லாம் இரும்புக் காலுதான். போயி உக்காந்ததும் வெறுங்காலை அதுல வச்சிக்க. முடியிற வரிக்கும் எடுக்காத. எங்க அக்கா புள்ள பெத்தப்போ இரும்புக் கட்டில் காலைத்தான் புடிச்சிக்கினு கெடந்தா. ஒன்னும் ஆவல."

அண்ணன் யோசித்தான். "நெசமா இரும்பா மேடம்?"

"நேத்தே இங்கதான்யா டூட்டி. அந்தப் பெஞ்சுல உக்காந்துதான் சோறு துன்னேன்."

"கேட்டுலேர்ந்து பெஞ்சு வரிக்கும்?"

"கேட்டு இரும்புதானே. நல்லா தொட்டுட்டுப் போவட்டும். அம்பது அடி இருக்குமா? அதுக்குள்ள யாரு வந்துடப் போறாங்க?"

அண்ணன் குனிந்து என் கயிற்றிலிருந்து கத்தியை அவிழ்த்தான். அவிழ்க்கச் சிரமப்பட்டான், ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. அவனே கட்டியது. கடைசியில் தன்னுடைய மொட்டை மூக்குக் கத்தியால் கயிற்றை அறுத்தான். அதைப் பார்த்துப் பெண் போலீஸ், "வீட்டுக்கு ஒன்னா வச்சிருக்கீங்க?" என்றாள்.

"கேட்டைப் புடி" என்றான் அண்ணன். பிடித்தேன். "ஓடாத. திரும்பிப் பாக்காத. போ."

போனேன். கேட்டின் துரு உள்ளங்கையில் காவியாக ஒட்டியிருந்தது. வழியில் ஒரு வேப்ப மரம், ஒரு குடிநீர்த் தொட்டி. அண்ணன் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. என்னையறியாமல் அடிகளை எண்ணினேன். தொண்ணூற்றாறு. என் எண் வகுப்பறைகளில் இல்லை. கூட்டம் அதிகம் என்று கடைசி எண்களைக் கலையரங்கத்தில் போட்டிருந்தார்கள்.

அங்கே பெஞ்சு இல்லை. விழாக்களுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் பிளாஸ்டிக் மேசை. என் எண் ஒட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து காலால் தேடினேன். மேசைக் கால் பிளாஸ்டிக். நாற்காலிக் கால் பிளாஸ்டிக். தரை கிரானைட். ஜன்னல் கம்பி எட்டு நாற்காலி தள்ளியிருந்தது. மேற்பார்வையாளர் வந்து ஹால் டிக்கெட்டில் இருந்த முடியும் மீசையும் வைத்த முகத்தையும் என்னையும் பார்த்தார்.

"கீழ என்னப்பா தேடுற?"

"ஒன்னுமில்ல சார்."

ஜன்னல் ஓரமாக மாற்றிக் கேட்டிருக்கலாம். காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இரும்பு வேண்டும் என்று ஒரு தேர்வு அறையில் எப்படிச் சொல்வது? படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

மணி அடித்தது. இருநூறு கேள்விகள். படித்ததெல்லாம் தடையில்லாமல் வந்தது. வட்டங்களைக் கறுப்பாக நிரப்பிக்கொண்டே போனேன். அவ்வளவு தெளிவாக எந்த மாதிரித் தேர்விலும் எழுதியதில்லை. நூறாவது கேள்வி வரும்போது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஒரு கணம் நிறுத்தி, தலையைத் தூக்காமல், காத்திருந்தேன். பத்து நாளாக என் இடுப்பில் ஒரு பூட்டு இருந்தது. இப்போது இல்லை. மூன்று மணி நேரம் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா வருவதாக இருந்தால் வரலாம். கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டுமென்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

மின்விசிறி சுற்றியது. பக்கத்தில் ஒரு பெண் இருமினாள். கடைசி வட்டத்தையும் நிரப்பியபோது இருபது நிமிடம் மீதி இருந்தது. கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டு அந்த இருபது நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மணி அடித்ததும் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் கேட்டுக்கு வெளியே, நான் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில் நின்றிருந்தான். எதிர்ப்பக்கம் நிழலும் டீக்கடையும் இருந்தன. அவன் வெயிலில் நின்றிருந்தான், சட்டை முழுக்க நனைந்திருந்தது. மீன் கத்தியைக் கைக்குள் மூடி வைத்திருந்தான். திறந்தபோது உள்ளங்கையில் செதில் செதிலாகப் பதிந்திருந்தது. முதலில் என் தோளைத் தொட்டான், பிறகு கழுத்தைத் தொட்டான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"பெஞ்சு இரும்பா?"

"இரும்புதான்."

"காலை வச்சிக்கினியா?"

"வச்சிருந்தேன்."

"எந்தக் காலு?"

"வலது."

"தூக்கு."

பைக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். என் பாதத்தைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவன் அப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வியர்த்த தோல் மூன்று மணி நேரம் பழைய இரும்பில் பட்டால் காவிக் கறை இறங்கும், சோப்பு போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. எங்கள் ஊரில் இது எல்லார் உடம்புக்கும் தெரியும். என் உள்ளங்கையில் கேட்டைத் தொட்ட கறை அப்படியே இருந்தது. பாதத்தில் தூசி மட்டும்தான் இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். பெருவிரலால் தூசியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். காலை மெதுவாகக் கீழே விட்டான்.   குனிந்து, அறுந்த கயிற்றை ஒட்டுப்போட்டு, கத்தியை இரண்டு முடிச்சாகக் கட்டினான். பிறகு பைக் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

வரும்போது நான்தான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். செத்தவர்கள் பின்பக்கமாகத்தான் வருவார்கள் என்பது எங்களில் ஒரு நம்பிக்கை. அதனால்தான் சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்க விடமாட்டார்கள். அவன் ஏன் பின்னால் உட்கார்ந்தான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தான். அவன் இடுப்பில் அவன் கத்தி இருந்தது. மொட்டை மூக்கு, எதையும் குத்தாது.

ஒரு கையை என் இடுப்பில், சட்டைக்கு மேலாக, கத்தி இருந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டான். மரக்காணம் வருகிறவரை எடுக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை பேசினான்.

"எழுதுனியா?"

"எழுதுனேன்."

உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் காற்றில் வழக்கமான கரிப்பு வந்தது. சாலையோரம் அம்பாரங்களுக்குக் கீற்று மூடிக்கொண்டிருந்தார்கள். அம்மா உட்காரும் இடத்தில் வேறொரு அம்மாள் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. என் இடுப்பில் இருந்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். கேள்வித்தாள் எப்படி இருந்தது என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. பைக்கை நிறுத்துவதற்கு முன்பே கேட்டார்.

"இரும்பு உடம்புலயே இருந்துதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணன் சொன்னான்.

"இருந்துது."

சொல்லிவிட்டு இறங்கிக் கால் கழுவப் போனான்.